களிமண் கத்துக்கிட்டா ஸீபிரஷ்ல முகம் உருப்படுமா? பண்ணிப் பாத்தவங்க சொல்லுங்க

வெர்டெக்ஸ்வேலு:

வணக்கம் மக்களே. சென்னையில ஒரு கேம் அவுட்சோர்ஸ் ஸ்டூடியோல கேரக்டர் ஆர்ட்டிஸ்டா இருக்கேன், ஸீபிரஷ்னு 3டி உருவம் செதுக்கற சாஃப்ட்வேர்லதான் வேலை, ரெண்டரை வருஷம் ஆச்சு. துணி, பெல்ட், கவசம், பூட்ஸ் இதெல்லாம் குடுத்தா முடிச்சு தூக்கிப் போட்டுடுவேன், ரிவ்யூல ஒரு கேள்வி வராது. முகம்னு வந்தாதான் மாட்டிக்கறேன். போன வாரம் லீட் வந்து என் ஸ்கிரீனை ரெண்டு நிமிஷம் பாத்தாரு, "தோல் நல்லாருக்குடா, உள்ள எலும்பைத்தான் காணோம், சைக்கிள் பம்பு வச்சு காத்தடிச்ச மாதிரி இருக்கு"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. செம கோவம். ஆனா அவர் போனப்புறம் நானே திருப்பித் திருப்பி பாத்தா அவர் சொன்னது கரெக்ட்தான். துளை, சுருக்கம், மரு எல்லாம் ஆல்ஃபா (முத்திரை மாதிரி பதிக்கற படம்) வச்சு அடிச்சிருக்கேன், இருந்தாலும் அது சுருக்கம் விழுந்த பலூன்தான்.

வீட்லயும் இதே கதை. தாத்தா இறந்து மூணு வருஷம் ஆச்சு, அவரோட போட்டோ நாலு இருந்துச்சு, அதை வச்சு ரெண்டு மாசம் ராத்திரி ராத்திரி உக்காந்து ஸீபிரஷ்ல ஒரு பஸ்ட் (மார்பளவு சிலை) பண்ணினேன். அம்மாகிட்ட காட்டினா "யாருடா இது, தாத்தாவோட தம்பி மாதிரி இருக்காரே"ன்னாங்க. தாத்தாவுக்கு தம்பியே கிடையாது.

சீனியர் ஆர்ட்டிஸ்ட் யாரோட பேட்டி பாத்தாலும் "போய் களிமண்ல கை வை"ன்னு ஒரு வரி சொல்லிட்டு போயிடறாங்க, அதுல என்ன கிடைக்கும், ஏன் கிடைக்கும்னு ஒருத்தரும் விவரமா சொல்ல மாட்டேங்கறாங்க. ஸீபிரஷ்லயும் பிரஷ்ஷுக்கு கிளேன்னுதான் பேரு, தொறந்த உடனே வர்ற கலரும் செவப்பு மெழுகு மாதிரிதான் இருக்கு, அப்பறம் நிஜ மண்ணுல மட்டும் என்ன புதுசா இருக்கப் போகுதுன்னு ஒரு பக்கம் தோணுது. இன்னொரு பக்கம், இந்த பலூன் பிரச்சனைக்கு நானும் எத்தனை டுடோரியல்தான் பாக்கறது. நான் இருக்கறது ஒரே ஒரு ரூம், ரூம்மேட் வேற இருக்கான், படம் வரையவும் எனக்கு சுத்தமா வராது. நிஜமாவே பண்ணிப் பாத்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, பிரயோஜனமா இல்ல டைம் வேஸ்டா?


களிமண்கலா:

வேலு தம்பி, நான் கோயமுத்தூருங்க. பிளெண்டர்னு இன்னொரு 3டி சாஃப்ட்வேர்ல ஏழு வருஷமா ஸ்கல்ப்ட் பண்றேன், மண்ணு பக்கம் போயி ரெண்டு வருஷம் ஆகுது. உங்க லீட் சொன்ன அதே பம்பு டயலாக்கை எனக்கு வேற ஒருத்தர் வேற மாதிரி சொன்னாரு, "மைசூர்பாகு வெயில்ல வச்ச மாதிரி இருக்கு"ன்னு.

முதல் தலையை எப்படி கோட்டை விட்டேன்னு சொல்றேன், அதுல இருந்தே பாதி விஷயம் புரிஞ்சிடும். ஒரு பிளைவுட் பலகை, நடுவுல பிளம்பிங் கடையில வாங்குன அரை இஞ்ச் பைப்பு, அதுமேல நியூஸ்பேப்பரை உருண்டையா சுத்தி கட்டி அதுக்கு மேல எட்டு கிலோ மண்ணை அப்புனேங்க. சாயந்தரம் பாத்தா சூப்பரா இருந்துச்சு, கண்ணு மூக்கு எல்லாம் வச்சு முடிச்சுட்டேன். காலையில எந்திரிச்சு வந்து பாத்தா மொத்த முகமும் பைப்புல வழுக்கி இறங்கி தாடை போயி நெஞ்சு மேல உக்காந்திருக்கு, உச்சந்தலையில பைப்பு நீட்டிட்டு நிக்குது. அப்புறம்தான் ஒருத்தர் சொன்னாரு, உள்ள ரெண்டு குட்டி மரத்துண்டை சிலுவை மாதிரி கட்டி கம்பியில தொங்க விடணுமாம், அதுக்கு பேரு பட்டாம்பூச்சி, அதுதான் உள்ள இருந்து மண்ணை தாங்கிப் பிடிக்கும்னு. ஏழு வருஷம் ஸ்கல்ப்ட் பண்ணிருக்கேன், தலைக்கு வெயிட்டுன்னு ஒண்ணு இருக்குங்கறது அன்னிக்குத்தாங்க தெரிஞ்சது. கழுத்துங்கறது தலையை தாங்கற தூணு, அது நேரா நிக்காது, முன்னாடி சாஞ்சு போயி தலையை பிடிக்கும். என் பழைய மாடல் எல்லாத்துலயும் கழுத்து பாட்டில் மூடி மாதிரி நட்டுக்கிட்டு நின்னிருக்கு, அதுவரைக்கும் என் கண்ணுல படவே இல்ல.

ரெண்டாவது விஷயம் பெருவிரல். மண்ணு கையில வந்த உடனே எல்லாரும் பெருவிரலால தடவ ஆரம்பிப்போம், எனக்கு சொல்லிக் குடுத்தவரு முதல் நாளே அதை நிறுத்திட்டாரு. ஒரு அடி நீளத்துக்கு தேக்குச் சட்டம் ஒண்ணை கையில குடுத்து "விரல் படக்கூடாது, இதால தட்டு"ன்னாரு. தட்டுனா என்ன ஆகும், தட்டையான பக்கம்தான் வரும். நெத்தி முன்னாடி ஒரு பக்கம், பொட்டுல இருந்து திரும்பி ஒரு பக்கம், கன்ன எலும்புக்கு மேல ஒண்ணு கீழ ஒண்ணு, இப்படி தலையே ஒரு செதுக்குன கல்லு மாதிரி ஆயிடுச்சு. கொஞ்சம் தள்ளி நின்னு பாக்கறேன், கண்ணு வாயி ஒண்ணுமே இல்ல, ஆனா ஆளு தெரியறாரு! அப்பதான் உறைச்சுது, பெருவிரலால தடவறதும் நாம சாஃப்ட்வேர்ல ஷிஃப்ட்ட அமுக்கிட்டு ஸ்மூத் அடிச்சு வழவழன்னு ஆக்கறதும் ஒண்ணுதான். ஒவ்வொரு தடவை ஸ்மூத் அடிக்கறப்பவும் ரெண்டு பக்கம் சந்திக்கற முனையைத்தான் கரைச்சு விடறோம், எல்லா முனையும் கரைஞ்சுட்டா மிச்சம் என்ன இருக்கும், பலூனுதான்.

கண்ணு. நிஜ கண்ணு முழி கிட்டத்தட்ட 24 மில்லிமீட்டர் இருக்கும், ஆளுக்கு ஆள் பெருசா மாறாது. உருண்டையை குழிக்குள்ள வச்சு, மண்ணை அப்பளம் மாதிரி தட்டி பட்டையா வெட்டி, மேல் இமைக்கு ஒண்ணு கீழ் இமைக்கு ஒண்ணுன்னு உருண்டை மேல போத்தணும். அப்படி போத்துறப்பதான் மேல் இமை முன்னாடி தள்ளியும் கீழ் இமை உள்ள வாங்கியும் இருக்கறது கைக்கு தெரியுது, வெளிக்கடைக்கண்ணு மூக்கோரத்தை விட எவ்வளவு பின்னாடி போகுதுங்கறதும் தெரியுது. வாயும் அப்படித்தான், பல்லு வரிசை லாடம் மாதிரி வளைஞ்சு போகுது, உதடு அதுமேல போர்வை. நாம ஸ்கிரீன்ல நேரா முன்னாடி வச்சே பண்றதால வாய் போஸ்ட்பாக்ஸ் ஓட்டையாட்டம் தட்டையா போயிடுது.

அன்டூ இல்லாததை எல்லாரும் பெருசா பேசுவாங்க. எனக்கு அது அவ்வளவு பெரிய விஷயமா படலீங்க, பிடிக்கலைன்னா வழிச்சு எடுத்துட்டு திரும்ப வைக்கலாம். சிமெட்ரி (ஒரு பக்கம் செஞ்சா மறுபக்கமும் தானா வர்றது) இல்லாததுதான் கொன்னுடுச்சு. இடது கண்ணு ஒரு மணி நேரத்துல முடிஞ்சுது, அதுக்கு ஜோடியா வலது கண்ணு வைக்க மூணு நாளு. அந்த மூணு நாள்ல இடது கண்ணையே நான் இருபது தடவை அளந்திருப்பேன். கண்ணு எப்படி இருக்கும்னு எனக்கு தெரியும்னு நினைச்சுட்டு இருந்தது அந்த மூணு நாள்ல போச்சு.

ஒரு தலை பண்ணிட்டு மாற்றம் எதிர்பாக்காதீங்க. எனக்கு நாலாவது வரைக்கும் ஒண்ணும் தெரியல, அஞ்சாவது தலையப்பதான் பிளெண்டர்ல கை தானா மாறுச்சு. இப்ப முதல் ஒரு மணி நேரம் ரீமெஷ்ஷை, அதாவது உருவத்தோட கட்டத்தை, ரொம்ப பெருசா வச்சுட்டு பட்டை பட்டையா அப்பற கிளே ஸ்ட்ரிப்ஸ் பிரஷ் மட்டும்தான், ஸ்மூத் கிட்டயே போறதில்ல.


ஷேடர்ஷங்கர்:

கலா மேடம் எழுதினது படிக்க நல்லா இருக்கு, ஆனா எனக்கு இதுல முழு உடன்பாடு இல்ல. வேலு, எட்டு கிலோ மண்ணை ரூமுக்கு தூக்கிட்டு போறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணு ப்ரோ, ஸீபிரஷ்ல பி கீயை அழுத்து. முகம் சட்டுனு மாறுச்சுன்னா நீ இத்தனை நாளா பெர்ஸ்பெக்டிவ் (கிட்ட இருக்கறது பெருசா, தள்ளி இருக்கறது சின்னதா தெரியறது) ஆஃப்ல வச்சு ஸ்கல்ப்ட் பண்ணிட்டு இருக்கன்னு அர்த்தம். தொறக்கறப்ப அது ஆஃப்லதான் இருக்கும், பாதிப் பேர் கவனிக்கறதே இல்ல. பெர்ஸ்பெக்டிவ் இல்லாம பாக்கறப்ப சரியா தெரியற மாதிரி பண்ணின முகம், கேம் எஞ்சின்ல கேமரா வச்ச உடனே கன்னம் ஒல்லியாகி மூக்கு பெருத்து வேற ஆள் ஆயிடும். உடனே நீ கன்னத்தை ஊதி விடுவ, திரும்ப ஆஃப் பண்ணி பாத்தா பலூன். இது ஒரு வட்டம்.

அடுத்தது ரெஃபரன்ஸ். தாத்தா போட்டோ நாலும் போன்ல கிட்ட வச்சு எடுத்ததா? ஒரு அடி தூரத்துல இருந்து எடுத்தா மூக்கு பெருசா தெரியும், காது பின்னாடி ஒளிஞ்சுக்கும். லென்ஸ் மேல பழி போடுவாங்க, ஆனா காரணம் தூரம்தான். ரெண்டு மீட்டர் தள்ளி நின்னு எடுத்த போட்டோவும் ஒரு அடியில எடுத்த போட்டோவும் ஒரே ஆளா இருந்தாலும் ஒரே முகம் கிடையாது. நாலு போட்டோவும் நாலு தூரம்னா நீ நாலு பேரை கலந்து ஒருத்தரை பண்ணிருக்க. தம்பி பொறந்தது அப்படித்தான்.

இன்னொண்ணு, பெரிய கேம்ல இப்ப நிஜ ஆளை சுத்தி கேமரா வச்சு ஸ்கேன் எடுத்துடறாங்க, நமக்கு வர்றது அந்த ஸ்கேனை சரி பண்ற கிளீனப் வேலை. அதுக்கு எதுக்கு கம்பியும் பைப்பும்? மண்டையோடு ஒண்ணு ரெஃபரன்ஸ் எடுத்து இருபது தடவை டிஜிட்டல்லயே காப்பி பண்ணு, அப்பறம் அதுக்கு மேல தசை ஒண்ணொண்ணா போடு. பிரெஞ்சு சிற்பி ஊதோன் 1767லயே தோல் உரிச்ச மனுஷன்னு ஒரு முழு உருவம் பண்ணினாரு, அதோட பிளாஸ்டர் காப்பி உலகம் பூரா ஆர்ட் காலேஜ்ல கிடக்கு. அதை உக்காந்து பாத்து பண்ணினாலே எலும்பு வந்துடும். என்னைக் கேட்டா உனக்கு வேண்டியது பாக்கற கண்ணு, மண்ணுல ஒரு மந்திரமும் கிடையாது.


களிமண்கலா:

கேமரா விஷயம் நூத்துக்கு நூறு உண்மைங்க, நானும் அதே தப்பைத்தான் பண்ணிட்டு இருந்தேன். பிளெண்டர் தொறக்கறப்ப பெர்ஸ்பெக்டிவ்லதான் இருக்கும், ஆனா நம்பேட்ல ஒண்ணு மூணுன்னு அமுக்கி அமுக்கி நேர்ப்பக்கமும் பக்கவாட்டும் மட்டும் பெர்ஸ்பெக்டிவ் இல்லாம பாத்தே காலத்தை ஓட்டுனேன். ஆனா ஷங்கர், அந்த தப்பு தப்புன்னு எனக்கு எப்படி தெரிஞ்சுதுன்னு நினைக்கறீங்க? நிஜமா ஒரு தலையை டேபிள்ல வச்சு அதை சுத்தி நடந்தப்புறம்தான். ரெண்டு கண்ணும் தொறந்து பாக்கறப்ப ஆர்த்தோ வியூன்னு, அந்த பெர்ஸ்பெக்டிவ் இல்லாத பார்வை, ஒண்ணு கிடையாதுங்களே. இருபது தடவை மண்டையோடு காப்பி பண்ண சொல்றீங்க, நல்ல யோசனைதான், எத்தனை பேரு ரெண்டாவதுக்கு மேல சிமெட்ரி போடாம பண்ணுவாங்க? நான் பண்ணிருக்க மாட்டேன்.

ஸ்கேன் கிளீனப் பண்றவங்களுக்குத்தான் இது இன்னும் அதிகமா வேணும்னு நினைக்கறேன். இமை ஓரம், காது பின்னாடி, மூக்கு துவாரம் இங்கெல்லாம் ஸ்கேன் கொழகொழன்னு வரும், அங்க என்ன இருக்கணும்னு உங்களுக்கு தெரிஞ்சாத்தானே சரி பண்ணுவீங்க.


வெர்டெக்ஸ்வேலு:

ஷங்கர் ப்ரோ, பி கீ அழுத்தினேன். அஞ்சு நிமிஷம் பேச்சே வரல. ஆஃப்லதான் இருந்திருக்கு, ரெண்டரை வருஷமா.

ஆனாலும் ஒரு தடவை மண்ணுல கை வச்சு பாத்துடலாம்னு தோணுது. எந்த மண்ணு வாங்கறது? கடையில பிளாஸ்டிசின், ஆன்லைன்ல மான்ஸ்டர் கிளே, சூப்பர் ஸ்கல்பின்னு என்னென்னமோ இருக்கு, இம்போர்ட் ஐட்டம் விலையை பாத்தா தலை சுத்துது. பானை பண்ற மண்ணு வேலைக்கு ஆகுமா? டூல்ஸ் செட்டு கண்டிப்பா வாங்கணுமா?


விளாச்சேரிவண்டல்:

அண்ணே, ஊரு விளாச்சேரி, திருப்பரங்குன்றத்துக்கு பக்கம். கொலு பொம்மை, பிள்ளையாரு, கிறிஸ்மஸ் குடில் செட்டுன்னு வருஷம் பூரா மண்ணுலதான் பொழப்பு எங்க வீட்ல. நான் மட்டும் தப்பிச்சு மோஷன் கிராபிக்ஸ் பக்கம் வந்துட்டேன், இப்ப பாருங்க உங்களுக்கு மண்ணை பத்தி சொல்லிட்டு இருக்கேன்.

பானை மண்ணு தாராளமா ஆகும், விலையும் கம்மி. ஆனா அப்படியே வச்சு பண்ணிடாதீங்க. காஞ்ச மண்ணை நுணுக்கி தண்ணியில ஊறப் போட்டு, கரைச்சு, சல்லடையில விட்டு கல்லு வேரெல்லாம் எடுத்துட்டு, தெளிஞ்ச தண்ணியை இறுத்துட்டு, கையில ஒட்டாத பதத்துக்கு வர்ற வரைக்கும் பிசையணும். எங்க தாத்தா காலாலதான் மிதிப்பாரு. பதம் பாக்க ஒரு வழி இருக்கு, சுண்டுவிரல் தண்டிக்கு உருட்டி விரல்ல சுத்திப் பாருங்க, வெடிக்காம வளைஞ்சா சரி, வெடிச்சா இன்னும் பிசையணும். பெரிய உருவத்துக்கு மணலும் உமியும் சேப்பாங்க, புதுக்கோட்டை பக்கம் அய்யனார் குதிரை செய்யறவங்க பாத்தீங்கன்னா நல்லா சேப்பாங்க, ஆள் உசரக் குதிரை விரிசல் விடாம காயணும்ல. உங்களுக்கு தலைக்கு உமி வேண்டாம், முகத்துல சொரசொரன்னு வரும்.

தண்ணி மண்ணுல ஒரு சங்கடம் இருக்கு. காஞ்சா சுருங்கும், உள்ள இருக்கற கம்பியும் பைப்பும் சுருங்காது, அப்ப என்ன ஆகும், மூக்குல இருந்து தாடை வரைக்கும் கோடு போட்ட மாதிரி பொளந்துக்கும். அதனால வேலை முடியற வரைக்கும் காய விடவே கூடாது, ராத்திரி ஈரத்துணி போத்தி அதுக்கு மேல பிளாஸ்டிக் கவர் கட்டி வைக்கணும், மே மாசம்னா மதியமும் ஒரு தடவை தண்ணி தெளிக்கணும். ஈரத்துணி மூக்கு மேல நேரா படக்கூடாது, நாலு குச்சி குத்தி அதுமேல போத்துங்க, இல்லைன்னா காலையில மூக்கு மழுங்கி இருக்கும். சூளையில வைக்கற ஆசை இருந்தா கம்பியை எடுத்துட்டு உள்ள குடைஞ்சு சுவரை ஒரு விரல்கடை தண்டிக்கு கொண்டு வரணும், முழுசா காயணும், ஈரம் இருந்தா சூளையில டமால். நீங்க பழகத்தானே பண்றீங்க, சுட வேண்டாம். போட்டோ எடுத்துட்டு பிச்சு வாளியில போடுங்க, அதே மண்ணு அடுத்த தலைக்கு ஆகும். எங்க தாத்தா வீணாப்போனதுன்னு ஒரு பிடி மண்ணை கூட வெளிய போட்டதில்ல.

ரூம்மேட் கத்துவான்னா எண்ணெய் கிளே வாங்கிக்கோங்க. காயவே காயாது, துணி போத்தற வேலை இல்ல, எத்தனை வருஷம் ஆனாலும் திரும்ப யூஸ் பண்ணலாம். ஸ்கூல் பசங்க பிளாஸ்டிசின் மட்டும் வேண்டாம், நம்ம வெயிலுக்கு அது அல்வா மாதிரி இளகி கைரேகை எல்லாம் பதியும், முனை நிக்காது. கெட்டி ரகமா பாத்து வாங்கி லேசா சூடு பண்ணி அப்பிட்டு, ஆறினப்புறம் செதுக்குங்க. பின்னாடி சிலிகான்ல அச்சு எடுக்கற யோசனை இருந்தா கந்தகம் இல்லாத கிளேயா கேட்டு வாங்கணும், கந்தகம் இருந்தா பிளாட்டினம் சிலிகான் கெட்டியே ஆகாம பிசுபிசுன்னு நின்னுடும். சூப்பர் ஸ்கல்பி பாலிமர் கிளே, ஓவன்ல 130 டிகிரியில சுட்டு எடுக்கறது, கையடக்க பொம்மைக்கு நல்லா இருக்கும், பழகறதுக்கு அது காசுக்கு கேடு.

டூல்ஸா? ஒண்ணும் வாங்காதீங்க. ஆக்ஸா பிளேடை ஒடிச்சா பல்லு வச்ச சீப்பு ரெடி, அதாலதான் மேடு பள்ளத்தை இழுத்து சமப்படுத்தணும். பழைய குடைக்கம்பியை வளைச்சு மூங்கில் குச்சியில நூல் சுத்தி கட்டினா வழிச்செடுக்கற வளையம், கிடார் கம்பியில பண்ணினா சின்ன வளையம். மூங்கில் பட்டையை கண்ணாடித் துண்டால சீவினா கத்தி. சுத்தறதுக்கு ஒரு பலகை வேணும், அது மட்டும் முக்கியம், டிவி ஸ்டாண்டோட சுழல் தட்டு கிடைச்சா போதும்.

இன்னொண்ணு சொல்லிடறேன். எங்க தொழில்ல மூல உருவம் ஒண்ணு பண்ணி அதுல முன்பாதி பின்பாதின்னு பிளாஸ்டர்ல அச்சு எடுப்போம், அதுல மண்ணை அமுக்கி எடுத்து ரெண்டையும் ஒட்டுவோம். எங்கயாச்சும் கொக்கி மாதிரி உள்வாங்கி இருந்தா மண்ணு அச்சுல மாட்டிக்கிட்டு பிஞ்சு வரும். அதனால தாத்தா மூலம் பண்றப்பவே தலையை சாச்சு ஒரு கோட்டுல பாத்துக்கிட்டே இருப்பாரு, முன்பக்கம் எங்க முடியுது பின்பக்கம் எங்க தொடங்குதுன்னு. நான் முதல் தடவை ரீடோபாலஜி (உருவத்து மேல கட்டங்களை ஒழுங்கா திரும்ப போடறது) பண்றப்ப லூப், அதாவது கட்ட வரிசை, எங்க போகணும்னு எவனும் சொல்லித் தர வேண்டியிருக்கல, தாத்தா கோடு கிழிக்கற இடமெல்லாம் ஞாபகம் இருந்துச்சு.


வளைவுக்காரன்:

நடுவுல ஒரு சின்ன தகவல். நான் கார் டிசைன் பக்கம். மண்ணெல்லாம் பழைய காலம்னு நினைக்கறவங்களுக்காக சொல்றேன், கார் ஸ்டூடியோல இன்னிக்கும் நிஜ சைஸ்ல களிமண் கார் பண்றாங்க. 1920கள்ல டிசைனர் ஹார்லி ஏர்ல் ஜெனரல் மோட்டார்ஸ்க்கு கொண்டு வந்த பழக்கம், கம்ப்யூட்டர் வந்து இத்தனை வருஷம் ஆகியும் போகல. ஓவன்ல கிட்டத்தட்ட 60 டிகிரியில இளக வச்சு அப்புவாங்க, ஆறினா கட்டை மாதிரி ஆயிடும், அப்பறம் மில்லிங் மிஷின் பாதி, கை பாதி. முடிச்சதும் மேல பளபளன்னு ஒரு ஃபிலிம் இழுத்து ஒட்டி, வெளிச்சம் அதுமேல எப்படி ஓடுதுன்னு நடந்து நடந்து பாப்பாங்க. ஸ்கிரீன்ல அருமையா இருந்த கோடு அங்க வந்து நெளியும். முகத்துக்கும் இதேதான், ஒரே ஒரு லைட்டை பக்கவாட்டுல வச்சு மண்ணுத் தலையை மெதுவா சுத்துங்க, நிழல் எங்க சட்டுனு திரும்புது எங்க வழுக்கிட்டு போகுதுன்னு பாருங்க. சரி, நீங்க பேசுங்க.


ஒடியோலை:

நான் மாமல்லபுரத்துல சிற்பம் படிச்சவ, இப்ப கேமுக்கு கான்செப்ட் மாடல் பண்றேன். மண்ணு பத்தி மத்தவங்க சொல்லிட்டாங்க, அளவு பத்தி மட்டும் ஒண்ணு.

சுவாமிமலையில மெழுகுல உருவம் பிடிக்கறவங்க தென்னை ஓலையை உருவத்தோட உயரத்துக்கு நறுக்கி மடிச்சு மடிச்சு அளவு எடுப்பாங்க, ஒடியோலைன்னு பேரு, என் ஐடிக்கும் அதான் காரணம். தாலம்னா ஒரு முக நீளம், நெத்தி முடி தொடங்கற இடத்துல இருந்து தாடை வரைக்கும். தச தாலம்னா பத்து தாலம், அதுல உத்தம தச தாலம்னா மொத்தம் 124 அங்குலம், தேவிக்கு மத்திம தச தாலம் 120. இந்த அங்குலம் உருவத்துக்குள்ளயே பிறக்கற அளவு, ஸ்கேல்ல இருக்கற இஞ்ச் இல்ல. இதை டிஜிட்டல்ல கொண்டு வர்ற பசங்க ஒரு தப்பு பண்றாங்க, தாலத்தை தலைன்னு எடுத்துக்கிட்டு பத்து தலையை அடுக்கிடறாங்க, உருவம் பனைமரம் மாதிரி போயிடுது. முகம் தலையில முக்கால்வாசிதான், அப்ப பத்து முகம்னா ஏழரை தலை. ரோமாபுரியில கட்டிடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதி வச்சதும் இதே பத்துதான், முடி ஓரத்துல இருந்து தாடை வரைக்கும் உயரத்துல பத்துல ஒண்ணுன்னு.

ஆனா வேலு, நீங்க பண்ணப் போறது தாத்தா, அவருக்கு தாலம் எல்லாம் ஒத்து வராது. கோயில் சிற்பத்துல எலும்பு தசை துருத்தக் கூடாதுங்கறதே ஒரு இலக்கணம், உள்ள மூச்சு நிறைஞ்ச மாதிரி இருக்கணும். உங்க லீட் காத்தடிச்ச மாதிரின்னு திட்டினாரே, அதை சாமிக்கு பண்ணிருந்தா பாராட்டியிருப்பாங்க :) உங்களுக்கு வேண்டியது வேற பள்ளி. ஞாயித்துக்கிழமை காலையில மெரினாவுக்கு போய் உழைப்பாளர் சிலையை பாருங்க. தேவி பிரசாத் ராய் சௌத்ரி பண்ணினது, 1929ல இருந்து எழும்பூர் பக்கத்துல இருக்கற ஓவியக் கல்லூரிக்கு முதல்வரா இருந்தவரு, சிலை 1959. முன்னாடி நின்னு செல்ஃபி எடுக்காம பின்னாடி போங்க. பாறையை நெம்பறவங்க முதுகுல தோள்பட்டை எலும்பு எங்க வழுக்கிப் போயிருக்குன்னு பாருங்க, காலை வெயில் ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை. அது முதல்ல மண்ணுல பிடிச்சு அப்பறம் வெண்கலத்துல வார்த்த வேலை, கிட்ட நின்னா கை போன தடம் இன்னும் தெரியும்.


வெர்டெக்ஸ்வேலு:

ஏழு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும், நடுவுல ஒரு டெலிவரி உயிரை எடுத்துடுச்சு.

பானை மண்ணே வாங்கினேன். முதல் தலை ரெண்டாவது நாள்லயே காலி, துணி போத்தாம ஆபீஸ் போயிட்டேன், வந்து பாத்தா வண்டல் தம்பி சொன்ன மாதிரியே மூக்குல இருந்து தாடை வரைக்கும் பொளந்து கிடக்கு. இடிச்சு ஊறப் போட்டேன். ரெண்டாவது யாரோ ஒருத்தர், யாருன்னு கேக்காதீங்க. மூணாவதுதான் தாத்தா. ஷங்கர் ப்ரோ சொன்னதை வச்சு போட்டோவை பிரிச்சேன், ஒண்ணு மட்டும் கல்யாண வீட்ல தூரத்துல இருந்து போட்டோகிராபர் எடுத்தது, அதை மட்டும் அளவுக்கு வச்சுக்கிட்டேன், மத்த மூணும் சும்மா ஜாடைக்கு.

கலா அக்கா, சட்டத்தால தட்டறது பத்தி நீங்க எழுதினப்ப படிச்சேன், புரிஞ்சுதுன்னு நினைச்சேன், ஒண்ணும் புரியலைங்கறது தட்டினப்பதான் புரிஞ்சுது. தாத்தாவுக்கு கன்னம் ஒட்டி இருக்கும். ஸீபிரஷ்ல அதை ஒரு பள்ளமா தோண்டி ஸ்மூத் அடிச்சிருந்தேன். மண்ணுல தோண்டத் தோண்ட அது அம்மைத் தழும்பு மாதிரிதான் வருது. கடுப்புல கன்ன எலும்பு மேல ஒரு உருண்டை கூடுதலா வச்சேன், தாடைக் கோணத்துல ஒண்ணு வச்சேன், ரெண்டுக்கும் நடுவுல சட்டத்தை வச்சு ஒரே அமுக்கு. கன்னம் தானா ஒட்டிடுச்சு! பள்ளம்னு ஒண்ணு அங்க இல்லவே இல்ல, சுத்தி இருக்கற மேடுதான் பள்ளமா தெரிஞ்சிருக்கு. அன்னிக்கு ராத்திரியே உக்காந்து பழைய பஸ்ட்ல கன்னத்தை மட்டும் ரொப்பி திரும்ப பண்ணினேன், பதினஞ்சு நிமிஷ வேலை, ரெண்டு மாசம் பண்ணினதை விட நல்லா இருந்துச்சு.

ஆபீஸ்ல பெரிய அதிசயம் ஒண்ணும் நடக்கல. லீட் இந்த வாரம் ஒரு கிழவி கேரக்டரை பாத்துட்டு "ம்"ன்னாரு. அவர் ம்னா பாஸ்னு அர்த்தம். ஆனா வேகம் குறைஞ்சிருக்கு, அதையும் சொல்லணும், முன்னாடி ரெண்டு நாள்ல முடிக்கற தலைக்கு இப்ப மூணு நாள் ஆகுது, சிமெட்ரியை சீக்கிரமே ஆஃப் பண்ணிடறேன். ஷங்கர் ப்ரோ சொன்னதுல பாதி நியாயம்னு இப்பவும் தோணுது, பி கீ மட்டும் தெரிஞ்சிருந்தாலே நான் பாதி தூரம் வந்திருப்பேன். மிச்ச பாதி அந்த சட்டம். ரூம்மேட் முதல் வாரம் கத்தினான், இப்ப அவனே சாயந்தரம் வந்து துணியை நனைச்சு போத்தி விடறான், நேத்து பிள்ளையார் ஒண்ணு பிடிச்சு வச்சிருக்கான், தும்பிக்கை அந்த பக்கமா இந்த பக்கமான்னு என்கிட்ட சண்டை.

போன ஞாயித்துக்கிழமை அம்மா வந்தாங்க. மண்ணுத் தலை டேபிள்ல இருந்துச்சு, நான் ஒண்ணும் சொல்லல. துணியை எடுத்து பாத்தாங்க, சுத்தி வந்தாங்க, பின்மண்டையை கையால தொட்டாங்க, அங்க ஒரு மேடு இருக்கும் அவருக்கு, சின்ன வயசுல கிணத்துல விழுந்த அடி, எந்த போட்டோலயும் அது கிடையாது, நானா ஞாபகத்துல வச்சது. கொஞ்ச நேரம் கையை எடுக்கவே இல்ல. அப்பறம் முன்னாடி வந்து "அப்பாதான். காது மட்டும் யாருதுடா?"ன்னாங்க.


களிமண்கலா:

காது எல்லாருக்கும் அப்படித்தாங்க ஆகும். பக்கவாட்டுல தலையை ரெண்டா பிரிச்சா காது பின்பாதியில உக்காரணும், லேசா பின்னாடி சாஞ்சு. அப்புறம் வயசானவங்களுக்கு காது நீளும், கீழ் மடல் தொங்கும், நீங்க கல்யாண போட்டோவுல இருந்து எடுத்ததால இளவயசு காதா போயிருக்கும். பின்பக்கம் இருந்து ஒரு போட்டோ போடுங்க, மண்டையில ஒட்டுற இடத்துல கிண்ணத்தோட முதுகு மாதிரி ஒரு புடைப்பு இருக்கணும், அது இருக்கான்னு பாத்துட்டு சொல்றேன்.